நீதியும் ஒப்புரவும்

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 15ஆம் நாள் திருகோணமலைக் கடற்படைத் தளத்திற் பிரித்தானியரின் கொடி இறக்கப்பட்டது. 1795ஆம் ஆண்டு முதல் அவர்கள் வசமிருந்த துறை இலங்கையின் கைக்கு வந்தது. நாடு மகிழ்ந்தது, மகிழ்வதற்குத் தக்க காரணமும் இருந்தது. ஆயினும் தளத்தின் வாயிலுக்கு வெளியே குடியிருந்த பல குடும்பங்களுக்கு அந்நாள் கவலையையும் கொண்டு வந்தது. பட்டறைகளிலும் பண்டகசாலைகளிலும் இறங்குதுறைகளிலும் உழைத்து வந்தோர், இனித் தம் பிழைப்பு என்னாகும் என்று ஒருவரையொருவர் வினவிக்கொண்டனர். தளத்தையே நம்பி வளர்ந்த ஊரில் அவ்வேலை போனால், அதற்கீடான வேலையைத் தேடிப் பெறுதல் எளிதன்று.

அதே 1957ஆம் ஆண்டிற் கொழும்பிலே பாராளுமன்றம் ஒரு திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டின் 62ஆம் இலக்கச் சட்டம் அது. கொடி மாறிய செய்தி உலகெங்கும் பரவியது. இச்சட்டத்தின் செய்தி தொழிற்சங்கக் காரியாலயங்களுக்கு அப்பால் அதிகம் பேசப்படவில்லை. ஆனால் துறைமுகத்தில் வேலை செய்யும் தனியொரு மனிதனின் வாழ்வை அது ஆழமாகத் தொட்டது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவன் தானே சென்று தட்டக்கூடிய ஒரு கதவை அது திறந்து வைத்தது. அக்கதவின் பெயர் தொழில் நியாயசபை.

இக்கதவு திறக்கப்படுவதற்கு முன் நிலைமை எவ்வாறு இருந்தது? முதலாளியும் தொழிலாளியும் ஓர் ஒப்பந்தத்தால் மட்டும் பிணைக்கப்பட்டவர்கள் என்பதே பழைய சட்டத்தின் நோக்கு. தக்க அறிவித்தல் கொடுத்தோ, அறிவித்தற் காலத்துக்குரிய சம்பளத்தைக் கொடுத்தோ, முதலாளி ஒருவனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அறிவித்தலின்றி அனுப்பினால் நட்டஈடு கேட்டு வழக்காடலாம். ஆனால் பறிபோன வேலையை மீட்டுத் தருவது சிவில் நீதிமன்றத்தின் வழக்கமன்று. இருபது ஆண்டு உழைத்தவனுக்கும் ஒரு மாதச் சம்பளமே கணக்கு. ஏன் நீக்கப்பட்டான் என்ற கேள்வியைக் கேட்பார் இல்லை.

அந்தக் காலத்தின் கடுமையை 1947ஆம் ஆண்டு நன்கு காட்டிற்று. அரசாங்க எழுதுவினைஞரும் பிற ஊழியரும் தொழிற்சங்க உரிமை கோரி வேலைநிறுத்தஞ் செய்தனர். யூன் மாதம் 5ஆம் நாள் ஊர்வலத்தின்மீது பொலிசார் துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தனர். கந்தசாமி என்னும் எழுதுவினைஞர் உயிரிழந்தார். வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய சங்கத் தலைவர் ரி. பி. இலங்கரத்ன அரசாங்க சேவையிலிருந்து நீக்கப்பட்டார். பத்தாண்டுகள் கழிந்தன. 1957ஆம் ஆண்டில் தொழில் நியாயசபைகளுக்கான சட்டம் நிறைவேறியபோது தொழில் அமைச்சராக வீற்றிருந்தவர் அதே இலங்கரத்ன. வேலை பறிக்கப்படுவது யாதென்று ஏட்டில் மட்டுமன்றி வாழ்விலும் கற்றவர் அவர்.

1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டமே இத்துறைக்கு அடித்தளம். அச்சட்டம் பிணக்குகளைத் தீர்க்கப் படிப்படியான வழிகளை வகுத்தது. முதலில் தொழில் ஆணையாளரும் அவருடைய உத்தியோகத்தரும் இரு பகுதியாரையும் அழைத்து இணக்கத்துக்கு முயல்வர். இணக்கம் எட்டாவிடின், இரு பகுதியாரின் சம்மதத்துடனோ அமைச்சரின் கட்டளைப்படியோ, பிணக்கு ஒரு நடுத்தீர்ப்பாளரிடம் ஒப்படைக்கப்படும். அவர் சாட்சியங்களைக் கேட்டுத் தமக்கு நீதியானதாகவும் ஒப்புரவானதாகவும் தோன்றும் தீர்ப்பை வழங்குவார். அத்தீர்ப்பு இரு பகுதியாரையும் கட்டுப்படுத்தும். அதன் விதிகள் வேலை ஒப்பந்தத்தின் விதிகளாகவே கொள்ளப்படும்.

சம்பளவேற்றம், வேலைநேரம், பதவியுயர்வு போன்ற பிணக்குகளுக்கு இவ்வழி பொருந்தும். ஆனால் தனியொருவன் வேலையிழந்தால் அவனுக்காக அமைச்சரின் கட்டளை எப்போது பிறக்கும்? இக்குறையை நிரப்புவதற்கே 1957ஆம் ஆண்டுத் திருத்தம் எழுந்தது. நீக்கப்பட்ட தொழிலாளி தானாகவோ தன் சங்கத்தின் மூலமாகவோ நியாயசபைக்கு நேரே விண்ணப்பிக்கலாம். அவன் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருப்பினும், நீதியும் ஒப்புரவும் வேண்டுவதைச் சபை வழங்கலாம். ‘ஒரு மாத அறிவித்தலுடன் நீக்கலாம்’ என்ற வரி, முதலாளியின் பெட்டியிலே பத்திரமாக இருந்தாலும், அதுவே கடைசிச் சொல்லாகாது.

நீதி, ஒப்புரவு என்னும் இவ்விரு சொற்களின் பொருளை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். துறைமுக இறங்குதுறையிற் பாரந்தூக்கி இயக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பதினைந்து ஆண்டுச் சேவை. அதுவரை ஒரு குற்றமும் பதியப்படவில்லை. ஓரிரவு, கோதுமைக் கப்பல் ஒன்று விரைவாகப் புறப்பட வேண்டியிருந்தது. ஓய்வுநேரம் மறுக்கப்பட்டது. மேற்பார்வையாளர் அவருடைய தாயைக் குறித்து இழிவாகப் பேசினார். இவர் அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டார். மறுநாட் காலை வேலைநீக்கக் கடிதம் வந்தது.

இவ்வழக்கு நியாயசபைக்கு வரும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. தள்ளியது உண்மையா என்பது முதற் கேள்வி. உண்மையாயின், அக்குற்றத்துக்கு வேலைநீக்கம் தகுந்த தண்டனையா என்பது இரண்டாவது. பழைய சட்டத்தின் கீழ் முதற் கேள்விக்கே விடை தேடுவோர் அரிது. இரண்டாவது கேள்வி எழவே இடமில்லை. நியாயசபையோ இரண்டையுங் கேட்கிறது. சேவைக்காலம் எவ்வளவு, முன்னைய நடத்தை யாது, ஆத்திரமூட்டல் இருந்ததா, இதே குற்றஞ் செய்த இன்னொருவர் எச்சரிக்கையுடன் விடப்பட்டாரா, முதலாளி அறிந்தும் பொறுத்துக்கொண்ட செயலைப் பின்னர் குற்றமாக்கினாரா என்பனவெல்லாம் தராசில் வைக்கப்படுகின்றன.

மறுபக்கத்தையும் அத்தராசு மறப்பதில்லை. பண்டகசாலைக் காவலாளி ஒருவர் ஒருநாட் களைப்பாற் கண்ணயர்ந்தார்; இன்னொருவர் திருடருக்குக் கதவைத் திறந்துவிட்டார். இருவரும் கடமை தவறியவர்களே. ஆனால் முன்னவரிடம் மறுபடியும் திறவுகோலைக் கொடுக்கலாம். பின்னவரிடம் கொடுக்கும்படி எந்த முதலாளியையும் வற்புறுத்த முடியாது. களவு, மோசடி, மேலதிகாரியைத் தாக்குதல், சட்டபூர்வமான கட்டளையை வேண்டுமென்றே மீறுதல் என்பன நம்பிக்கையின் வேரையே அறுப்பவை. அத்தகைய குற்றம் நிரூபிக்கப்பட்டால், நீண்ட சேவை மட்டும் ஒருவரைக் காப்பாற்றுவதில்லை.

நிரூபணம் என்னும்போது பலருக்கும் ஏற்படும் ஒரு மயக்கத்தைத் தீர்த்தல் வேண்டும். களவுக் குற்றத்தில் நீதவான் நீதிமன்றம் ஒருவரை விடுதலை செய்துவிட்டதனால், வேலையும் தானாகவே திரும்பக் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். அவ்வாறன்று. குற்றவியல் வழக்கில் நியாயமான ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்படல் வேண்டும். நியாயசபையிலோ, நடந்திருக்கக்கூடியது எது என்று இருபக்கச் சாட்சியங்களையும் சீர்தூக்கிப் பார்த்து முடிவு செய்தாற் போதும். குற்றச்சாட்டு களவேயாயினும் இந்த அளவுகோலே பொருந்தும் என்பதை 1975ஆம் ஆண்டில் வெளியான ஒரு தீர்ப்பு தெளிவாக்கியது. மற்றொரு பக்கத்தில், சேவையை முடிவுறுத்தியது தானே என்று முதலாளி ஒப்புக்கொண்டால், அதற்குரிய காரணத்தை நிரூபிக்கும் பாரமும் அவரையே சாரும்.

முதலாளி தம் நிலையத்துக்குள் நடத்தும் ஒழுக்காற்று விசாரணையைப் பற்றியும் இங்கு கூறுதல் தகும். குற்றச்சாட்டை எழுத்திற் கொடுத்து, விடையைப் பெற்று, சாட்சிகளைத் தொழிலாளி குறுக்குக் கேள்வி கேட்க இடமளித்து நடத்தும் விசாரணை நல்லாட்சியின் அடையாளம். இலங்கையில் அவ்விசாரணை நடக்கவில்லை என்பதனால் மட்டும் வேலைநீக்கம் செல்லுபடியற்றதாகிவிடாது. நியாயசபை சாட்சியங்களைப் புதிதாகவே கேட்கும். ஆயினும் விசாரணையின்றி அவசரத்தில் எழுதப்பட்ட நீக்கக் கடிதத்தை நியாயப்படுத்துவது கடினமாகும் என்பதை அனுபவமுள்ள முகாமையாளர் அறிவர். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும் ஒரு கடமையை விதித்தது. அச்சட்டத்துக்கு உட்பட்ட தொழிலில் ஒழுக்காற்றுத் தண்டனையாக ஒருவரை நீக்கினால், அதன் பின் வரும் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் அதற்குரிய காரணங்களை எழுத்தில் அறிவித்தல் வேண்டும்.

நீதியும் ஒப்புரவும் என்னும் சொற்கள் விரிந்த பொருளுடையன. அவ்வளவு விரிந்த அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால், அவர் தம் மனம் போனபடி தீர்ப்பளிக்கலாமோ? இவ்வையத்துக்கு 1969ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. கொழும்பு மாநகரசபை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கிலே, பிரதம நீதியரசர் எச். என். ஜி. பெர்னாண்டோ, நடுத்தீர்ப்பாளருக்குச் சட்டம் அளித்த சுதந்திரம் காட்டுக் குதிரையின் சுதந்திரமன்று என்று விளக்கினார். தொழிலாளியின் துயரத்தைக் கண்டு இரங்குவது மட்டும் ஒப்புரவாகாது; முதலாளிக்கும் நீதி உண்டு. தீர்ப்பு, சாட்சியங்களிலிருந்து பிறக்க வேண்டும். காரணங்களைக் கூற வேண்டும். எவரும் பின்பற்றக்கூடிய நெறியில் நிற்க வேண்டும். இலங்கையில் தொழிற் பிணக்குகளைப் பற்றி வாதிடும் சட்டத்தரணி எவரும் அந்தக் குதிரையை அறிவர்.

நியாயசபைத் தலைவர்களின் பதவி நிலையும் ஒரு காலத்தில் வினாவுக்குள்ளாயிற்று. நீதிச்சேவை ஆணைக்குழுவால் நியமிக்கப்படாத ஒருவர் இவ்வகைத் தீர்ப்பை வழங்கலாமா என்ற வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்றது. 1967ஆம் ஆண்டில் அக்கழகம், அவர்கள் வகிப்பது நீதித்துறைப் பதவியன்று, ஆதலால் அந்நியமனங்கள் செல்லும் எனப் பெரும்பான்மையாற் தீர்மானித்தது. நீதிபதிகளுள் இருவர் மாறுபட்டனர். அத்தீர்ப்பு மறுபக்கம் சாய்ந்திருந்தால், பத்தாண்டுக் காலமாக வழங்கப்பட்ட பரிகாரங்கள் பல ஆட்டங் கண்டிருக்கும். இன்று நியாயசபைத் தலைவர்களை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழுவே.

திருகோணமலை மாவட்டத்துக்கு மிக நெருக்கமான ஒரு வினா, வேலைக்கு வராமை பற்றியது. ஒருவர் பல நாட்கள் அறிவித்தலின்றி வராதிருந்தால், அவர் பதவியை விட்டு விலகிவிட்டதாகக் கருதிக் கடிதம் அனுப்புவது நிறுவனங்களின் வழக்கம். ஆனால் வராமை வேறு, விட்டு விலகுதல் வேறு. உடல் அங்கு இல்லாதிருத்தல் மட்டும் போதாது. வேலையைக் கைவிடும் எண்ணமும் உள்ளத்தில் இருந்திருத்தல் வேண்டும். 1990ஆம், 1996ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற தீர்ப்புகள் இவ்விரு கூறுகளையும் வற்புறுத்தின.

இத்தத்துவத்தின் மதிப்பைத் திருகோணமலை மக்களைப் போல் உணர்ந்தவர் சிலரே. 1983, 1985, 1990ஆம் ஆண்டுகளின் வன்செயல்களும், 2006ஆம் ஆண்டில் மூதூரிலும் சம்பூரிலும் நிகழ்ந்த போரும் ஆயிரக்கணக்கானோரை வீடுகளிலிருந்து வெளியேற்றின. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரக் கிராமங்களை அழித்தது. அத்தகைய வேளையில் அகதி முகாமில் இருக்கும் ஒருவர் துறைமுக வாயிலிற் கைச்சாத்திட வரமுடியாது. அவருடைய பெயருக்கு எதிரே வருகைப் பதிவேட்டில் விழும் குறி, அவருடைய உள்ளத்தை எடுத்துக் கூறுவதன்று. முடிந்த முதற் சந்தர்ப்பத்தில் ஒரு கடிதம் எழுதினாரா, கிராம சேவையாளரின் அத்தாட்சியைப் பெற்றாரா, வழி திறந்ததும் திரும்பி வந்தாரா என்பவையே உள்ளத்துக்குச் சாட்சிகள். ஒரு தாளும் ஒரு முத்திரையும் ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காக்கக்கூடும்.

கூட்டாக எழுப்பும் குரலுக்கும் சட்டம் இடமளிக்கிறது; அதற்கு எல்லையும் வகுக்கிறது. 1999ஆம் ஆண்டின் திருத்தம், தொழிற்சங்கத்திற் சேர்ந்த காரணத்துக்காக ஒருவரை நீக்குவதைத் தடுத்தது. ஒரு சங்கம் எவர் சார்பிற் பேச முற்படுகிறதோ அத்தொழிலாளருள் நாற்பது வீதத்துக்குக் குறையாதோர் அதன் அங்கத்தவராயின், அச்சங்கத்துடன் பேச முதலாளி மறுத்தலும் குற்றமாயிற்று. மறுபுறம், அத்தியாவசியமான கைத்தொழிலில் வேலைநிறுத்தஞ் செய்வதற்கு 21 நாள் முன்னரே எழுத்தில் அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். துறைமுக சேவைகள் அத்தியாவசிய சேவைகளாகப் பலமுறை பிரகடனஞ் செய்யப்பட்டுள்ளமையால், துறைமுகத் தொழிலாளர் இவ்விதிகளை நன்கறிந்திருத்தல் நலம்.

இனி, இக்கதவு எவருக்குத் திறக்கவில்லை என்பதையும் கூறாதுவிடின் இவ்வரலாறு நிறைவுறாது. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, அரசாங்கத்தின்கீழ் நேரடியாக வேலை செய்வோரை அச்சட்டத்துக்குப் புறம்பாக்கியது. இதனால் திருகோணமலைக் குடாவின் ஒரே நீரைப் பார்த்து நிற்கும் மூன்று தொழிலாளர் இருவேறு நிலையில் உள்ளனர். சீனக்குடாவின் மாவாலையில் வேலை செய்பவர் நியாயசபைக்குச் செல்லலாம். 1979ஆம் ஆண்டிற் சட்டத்தால் அமைக்கப்பட்ட துறைமுக அதிகாரசபையின் ஊழியரும் செல்லலாம். கடற்படைத் தளத்திற் சிவில் ஊழியராக உள்ளவர் செல்ல முடியாது. அவருக்குத் தாபனக் கோவையும் அரசாங்க சேவை ஆணைக்குழுவும், 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நிருவாக மேன்முறையீட்டு நியாயசபையும் உண்டு. அடிப்படை உரிமை மீறப்பட்டதாயின் ஒரு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். வழிகள் இல்லாமலில்லை, ஆனால் அவை தூரமானவை. 1947ஆம் ஆண்டில் உரிமை கோரி ஊர்வலஞ் சென்றோர் அரசாங்க ஊழியர். அவர்களின் தலைவர் அமைச்சராயிருந்த காலத்திற் பிறந்த நியாயசபை அரசாங்க ஊழியருக்கு எட்டாதிருப்பது சிந்தனைக்குரியது.

கதவு திறந்திருப்போருக்கும் காலம் ஓர் எதிரியாகலாம். 2003ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, வேலைநீக்கம் நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். முகாமையாளரின் மனம் மாறும் என்று காத்திருந்து காலத்தைக் கழித்தவர்களுக்கு, எவ்வளவு நியாயம் இருந்தாலும் வழி அடைபட்டுவிடும். இன்னொன்றும் உண்டு. வேறு சட்டப் பரிகாரத்தை முதலில் நாடியவர் அதே விடயத்துக்காக நியாயசபையை நாடமுடியாது. ஆகவே முதலடியை எடுத்து வைக்குமுன் தொழிற் காரியாலயத்திலோ சங்கத்திலோ கேட்டறிதல் வேண்டும்.

வென்றவர் எதைப் பெறுகிறார்? பழைய வேலையை, இடைக்காலச் சம்பளத்துடன் பெறலாம். அல்லது வேலைக்குப் பதிலாக நட்டஈடு பெறலாம். நியாயசபையின் கட்டளைக்கு எதிராகச் சட்டப் பிரச்சினையை முன்வைத்து மாகாண மேல் நீதிமன்றத்துக்கும், அதன்பின் அனுமதி பெற்று உயர் நீதிமன்றத்துக்கும் மேன்முறையீடு செய்யலாம். இப்படிகளைக் கடக்க ஆண்டுகள் செல்கின்றன. நாற்பது வயதில் நீக்கப்பட்டவர் ஐம்பதை அண்மிக்கும்போது வெற்றி பெற்றால், அவர் இயக்கிய பாரந்தூக்கி அப்போது துறைமுகத்தில் இருக்குமோ இராதோ! பிள்ளைகளின் படிப்பு நின்ற ஆண்டுகளை எந்த நட்டஈடும் மீட்டுத் தராது. தாமதம் முதலாளியையும் வருத்துகிறது. வேலை செய்யாத ஆண்டுகளுக்கான சம்பளம் அவர் கணக்கில் ஏறிக்கொண்டேயிருக்கிறது.

ஆதலால், தீர்ப்பின் பெரும்பகுதி நியாயசபைக்குள் நுழையுமுன்னரே எழுதப்பட்டுவிடுகிறது எனலாம். குற்றச்சாட்டுக் கடிதத்தைக் கிழித்தெறியாது அதற்கு அமைதியாக விடையெழுதிய தொழிலாளியும், ஆத்திரத்தில் நீக்கக் கடிதம் எழுதாது ஓரிரவு பொறுத்து விசாரித்த முகாமையாளரும், நடந்ததை நடந்தபடி கூறிய சக தொழிலாளியும் அத்தீர்ப்பின் ஆசிரியர்களே. அவன் செய்தானா, செய்தானாயின் இத்தண்டனை தகுமா என்னும் இரு கேள்விகளையும் இறங்குதுறையிலே, கடிதம் எழுதப்படுமுன், மேற்பார்வையாளர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராயின், நியாயசபையின் கதவைத் தட்டவேண்டிய தேவை பலருக்கு எழாது.

1957ஆம் ஆண்டின் அந்த ஒக்டோபர் நாளில் திருகோணமலையில் ஒரு கொடி மாறியது. கொடியின் கீழே நின்று உழைப்பவனைக் காரணமின்றி அனுப்பிவிட முடியாது என்ற நெறி அதே ஆண்டில் ஏட்டில் ஏறியது. கொடி மாறுவதற்கு ஒருநாட் போதும். ஒப்புரவு வேலைத்தலத்தின் வழக்கமாவதற்கோ ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கடிதத்திலும், ஒவ்வொரு விசாரணையிலும் உழைத்தல் வேண்டும்.